ஆனை வயிறும் காட்டுமாட்டு வயிறும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்ட பிறகு ஆற அமரப் படியுங்கள்.

போன வாரம் ஒரே நாளில் என் போனுக்கு ரெண்டு கேள்வி வந்தது. முதல் கேள்வி வெளிநாட்டில் இருக்கும் பேரனுடையது. "ஆச்சி, கொரில்லாவும் கங்காருவும் சண்ட போட்டா யாரு ஜெயிப்பா?" ஏதோ வீடியோ பார்த்திருக்கிறான். ரெண்டாவது, கீரிப்பாறைப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் என் கொழுந்தனின் குரல் பதிவு. "மைனி, நேத்து ராத்திரி ஆன எறங்கி நாப்பது மூடு ஏத்தன மிதிச்சிப் போட்டுட்டு. போன மாசம் காட்டுமாடு வந்து பயறு முழுக்கத் தின்னுட்டு. இதுகள எல்லாம் புடிச்சி வேற காட்டுல கொண்டு விட்டா என்ன? உங்ககிட்ட படிச்ச பாரஸ்ட்டுக்காரன் எவனாவது இருப்பானே, கேட்டுச் சொல்லுங்க."

பேரனுக்கு உடனே பதில் போட்டுவிட்டேன். கொரில்லா ஆப்பிரிக்காவில் இருக்கிறது, கங்காரு ஆஸ்திரேலியாவில் இருக்கிறது, நடுவில் ஒரு பெருங்கடல். அதுகள் எங்கே சந்திப்பது, எங்கே சண்டை போடுவது? ஆனால் கொழுந்தனுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. சொல்லத் தொடங்கினால் பேரனின் கேள்வியும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

நம் ஊரிலிருந்து வடக்கே பார்த்தால் தெரியும் மலையில் ரெண்டு பெரிய இலைதழை தின்னிகள் ஒரே காட்டில், ஒரே ஓடையில் தண்ணீர் குடித்து வாழ்கின்றன. ஒன்று ஆனை. இன்னொன்றைச் செய்தித்தாள்காரர்கள் காட்டெருமை என்று எழுதுகிறார்கள். மலையாளத்தாரும் நம்மில் பலரும் காட்டுப்போத்து என்போம். ஆனால் அது எருமை இனமே இல்லை. நம் வீட்டுப் பசுவின் பெரியப்பா பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். சங்க நூல்களில் ஆமா, ஆமான் என்று வருவது இதுதான். ஆ என்றால் பசு, மா என்றால் விலங்கு. அந்தக் காலத்துக்காரர்கள் சரியாகவே பார்த்திருக்கிறார்கள். எருமை என்று பெயர் வைத்தது நாம். நான் இங்கே காட்டுமாடு என்றே எழுதுகிறேன்.

உலகத்திலுள்ள காட்டு மாட்டினங்களில் இதைவிடப் பெரியது கிடையாது. நன்றாக வளர்ந்த காளை ஆயிரம் கிலோவைத் தொடும். தோளுயரத்தில் நம்மில் நெட்டையான ஆளுக்குச் சமம், சிலது இன்னும் மேலே. நெற்றியில் சாம்பல் நிறம், கழுத்திலிருந்து முதுகு நடுவரை தூக்கி நிற்கும் மேடு, முட்டிக்குக் கீழே நாலு காலிலும் வெள்ளைச் சாக்ஸ். பள்ளிக்கூடத்துப் பிள்ளை சாக்ஸ் போட்டு நிற்பது போலவே இருக்கும். ஆனை அதைப்போல் நாலைந்து மடங்கு எடை. எனவே சண்டை என்று வந்தால் விடை ஒரு வரிதான். பெரிய ஆனை நிற்கும் தண்ணீர்க்கரையில் காட்டுமாடு ஒதுங்கிப் போகும், ஆனை தன் பாட்டுக்குக் குடிக்கும், அதோடு முடிந்தது. புலி காட்டுமாட்டை அடிக்கும். வளர்ந்த ஆனையை அடிக்கக் காட்டில் ஒருவரும் இல்லை. சண்டைக் கணக்கில் இதற்கு மேல் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. ரெண்டையும் நிஜமாகப் பிரித்து வைப்பது கொம்பும் தந்தமும் அல்ல, வயிறு.

நம்மூர் சிற்பப் பட்டறை ஒன்றில் உளி பிடிக்கும் என் பழைய மாணவன் ஒருவனிடம் ஒருநாள் கேட்டேன். "ஏம்லே, ஆனைய எப்பவும் நிக்க வச்சே செதுக்குக, நந்திய எப்பவும் படுக்க வச்சே செதுக்குகியே, என்ன காரணம்?" அவன் சிரித்துவிட்டு, "சாஸ்திரம் டீச்சர். அதுபோக, மாடுன்னா படுத்து அசை போடணும்லா? நின்னா அது நந்தி இல்ல, உழவு மாடு" என்றான். சாஸ்திரத்தில் என்ன இருக்கிறதோ, அவன் சொன்ன ரெண்டாவது காரணம் விலங்கியல் பாடத்துக்குப் பொருந்தும். சுசீந்திரம் கோயில் பெரிய நந்தியை அடுத்த முறை பார்க்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள். வயிறு நிறைந்த மாடு அப்படித்தான் கிடக்கும்.

புல்லில் சத்து நிறைய உண்டு. ஆனால் அது நார்ச்சுவருக்குள் பூட்டி வைத்த சத்து. அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி ஆனையிடமும் இல்லை, மாட்டிடமும் இல்லை, நம்மிடமும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களிடம்தான் இருக்கிறது. அவற்றை வயிற்றுக்குள் குடிவைத்து, தின்றதைப் புளிக்கவைத்து, சத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். இதுவரை ரெண்டுக்கும் ஒரே பாடம். எங்கே புளிக்க வைப்பது என்பதில்தான் வழி பிரிகிறது.

பெண்பிள்ளைகளுக்கு (இப்போது ஆண்பிள்ளைகளுக்கும்தான், சமைக்கிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன்) எளிதாகச் சொல்கிறேன். காட்டுமாட்டு வயிறு தோசை மாவு மாதிரி. முதலில் அரைத்துப் புளிக்கவைத்து, பிறகு சுடுவது. ஆனை வயிறு பழங்கஞ்சி மாதிரி. முதலில் சோறாக்கி, பிறகு தண்ணீர் ஊற்றிப் புளிக்கவைப்பது.

மாடு அவசர அவசரமாக மேய்ந்து முதல் பையில் நிரப்பிக்கொள்ளும். வீட்டுப் பசுவுக்கே அந்தப் பை நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும். பிறகு நிழலில் படுத்து, உருண்டை உருண்டையாக வாய்க்குத் திரும்பக் கொண்டுவந்து, ஒவ்வொன்றையும் நாற்பது ஐம்பது தடவை மென்று மறுபடி விழுங்கும். நைசாக அரைபட்டால்தான் அடுத்த பைக்குப் போக வழி விடும், சல்லடை மாதிரி. ரெண்டாவது பை தேன்கூடு போல. மூன்றாவது பை புத்தகத் தாள் அடுக்கியது போல. நாலாவதுதான் நம்முடையதைப் போன்ற நிஜ இரைப்பை. போட்டி வாங்கிக் கழுவிப் பழகியவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். நாலாவது பைக்கு வரும்போது புல்லோடு சேர்ந்து அந்த நுண்ணுயிர்களும் செரிமானமாகிவிடும். அதுதான் மாட்டுக்குப் புரதம். புல் மட்டும் தின்னும் மாட்டுக்கு இவ்வளவு தசை எங்கிருந்து வந்தது என்று நீங்கள் ஆறாம் வகுப்பில் கேட்டீர்களே, அதற்கு விடை இது.

ஆனைக்கு நம்மைப் போல ஒற்றை இரைப்பை. தின்றது அதைத் தாண்டி, சிறுகுடலைத் தாண்டி, பெருங்குடலும் அதன் தொடக்கத்தில் இருக்கும் பெரிய பையும் சேர்ந்த இடத்தில் போய்த்தான் புளிக்கும். திரும்ப வாய்க்கு வராது. சல்லடையும் இல்லை. மாட்டு வயிற்றில் ரெண்டு மூன்று நாள் தங்குவது ஆனைக் குடலில் ஒரு நாள், ஒன்றரை நாளில் வெளியே வந்துவிடும். பாதிகூடச் செரிப்பதில்லை. நூறு பங்கு உள்ளே போனால் நாற்பது, நாற்பத்தைந்து பங்குதான் உடம்பில் ஒட்டும். புளிக்கவைத்த நுண்ணுயிர்களும் கடைசியில் வெளியேதான் போகும், செரித்துக்கொள்ள அதற்குப் பிறகு இரைப்பை ஏது?

இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், சாணியைப் பார்த்தால் போதும். மாட்டுச் சாணி வழவழவென்று இருப்பதால்தானே தரை மெழுகினோம், வறட்டி தட்டினோம்? ஆனை லத்தியைக் கொண்டு தரை மெழுக முடியுமா? கோயில் ஆனை தெருவில் வந்தால் பித்தவெடிப்புப் போகும் என்று சொல்லிச் சூடான லத்தியில் காலை வைத்து மிதித்தவர்கள் இதைப் படிப்பவர்களில் எத்தனை பேர்? காலில் என்ன குத்தியது? நாரும் குச்சியும், முழுசு முழுசாக விதையும்.

கொரில்லாவுக்கும் கங்காருவுக்கும் இதே கதைதான் என்பது வேடிக்கை. கங்காரு நம் மாடு மாதிரி முன்வயிற்றில் புளிக்க வைக்கும். நாலு பை இல்லை, மாடு போல முறையாக அசை போடுவதும் இல்லை, ஆனால் தோசை மாவுக் கட்சி. கொரில்லா நம் ஆனை மாதிரி பெருங்குடலில் புளிக்கவைக்கும் பழங்கஞ்சிக் கட்சி. அந்தப் பானை வயிறு கொழுப்பு இல்லை, குடல். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கண்டங்களில், சம்பந்தமில்லாத பிராணிகள் இதே ரெண்டு வழியைத்தான் பிடித்திருக்கின்றன.

பல்லையும் சொல்லிவிடுகிறேன். நான் வகுப்பில் ஒரு வீட்டுப்பாடம் கொடுப்பதுண்டு. "நாளைக்கு வரும்போது உங்க வீட்டுப் பசுவுக்கு மேல் வரிசையில முன்பல் எத்தனைன்னு எண்ணிட்டு வரணும்." மறுநாள் பாதிப் பேர் எட்டு என்பான், ஆறு என்பான். எண்ணாமலே சொல்கிறவர்கள். ஒரு சின்னப் பெண் மட்டும் அழாத குறையாக வந்து, "டீச்சர், எங்க மாட்டுக்கு மேல பல்லே இல்ல, கெழவி மாடு போல" என்றாள். அவளுக்குத்தான் பத்துக்குப் பத்து. மாட்டுக்கு மேல்முன்பல் கிடையாது, தடித்த ஈறுதான். காட்டுமாட்டுக்கும் அப்படியே. ஆனைக்கோ தந்தமே மேல்முன்பல்தான், கோரைப்பல் இல்லை. கடைவாய்ப்பல் ஆயுளில் ஆறு தடவை மாறும். நமக்குப் போலக் கீழிருந்து முளைக்காது. பின்னாலிருந்து முன்னால் தள்ளிக்கொண்டு வரும். கடைசிப் பல் செங்கலைவிடப் பெரிது. அதுவும் தேய்ந்தால் அறுபது வயதுப் பக்கம் மெல்ல முடியாமலே ஆனை முடிந்துபோகும். செயற்கைப்பல் கட்டிய என் வயதுக்காரர்கள் கொஞ்சம் அனுதாபப்படலாம்.

சரி, இந்த வயிற்றுக் கதைக்கும் நாப்பது மூடு ஏத்தனுக்கும் என்ன சம்பந்தம்? எல்லாம் சம்பந்தம்தான்.

பாதி செரிக்காமல் போகும் வயிறு என்றால் ரெண்டு மடங்கு தின்ன வேண்டும். வளர்ந்த ஆனைக்கு ஒரு நாளைக்கு 150 கிலோ தழை, நூறு இருநூறு லிட்டர் தண்ணீர். 16 மணி நேரத்துக்குக் குறையாமல் வாய் அசைந்துகொண்டே இருக்கும், தூங்குவது சொற்பம். ஒரே இடத்தில் நின்று இவ்வளவு தின்றால் காடு மொட்டையாகிவிடும். அதனால் நடந்துகொண்டே தின்ன வேண்டும். ஆனைக்கு அலைச்சல் குணம் அல்ல, தேவை. காட்டுமாடு எட்டு மணி நேரம் மேய்ந்தால் இன்னொரு எட்டு மணி நேரம் நிழலில் படுத்து அசை போடலாம். நல்ல புல்லும் பக்கத்தில் தண்ணீரும் உப்பு மண்ணும் இருந்தால் சின்ன இடத்திலேயே குடித்தனம் நடத்திவிடும். ஆனால் அதற்கு ஒரு கட்டுப்பாடு. முரட்டு நார் தின்றால் அந்தச் சல்லடை அடைத்துக்கொள்ளும், உள்ளே போனது நகராது, வயிறு நிறைந்தபடியே இளைத்துப்போகும். ஆனைக்கு அந்தக் கவலை இல்லை. மூங்கில், மரப்பட்டை, தென்னை மட்டை எது கிடைத்தாலும் தள்ளிவிடும். மோசமான தீனியை நிறையத் தின்று பிழைக்கும் வித்தை அது. நிலத்தில் உள்ள மிகப் பெரிய விலங்குகளான ஆனையும் காண்டாமிருகமும் அசை போடாதவையாக இருப்பது இதனால்தான் என்கிறார்கள்.

பாதி செரிக்காமல் போவது ஆனைக்கு நஷ்டம், காட்டுக்கு லாபம். தின்ற பழத்தின் விதை ஒரு நாள் நடைதூரம் தள்ளி உரத்தோடு விழுகிறது. ஆனை ஒடித்துப் போட்ட கிளையை எட்டாதவை எல்லாம் தின்கின்றன. அந்தக் காடுதான் கோதையாற்றுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுக்கிறது. பேச்சிப்பாறையில் அணை கட்டியது மிஞ்சின் துரை காலத்தில், 1906-ல் முடிந்தது. அணைக்கு மேலே இருக்கும் மலையில் விதை போட்டவன் யார் என்று எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

இனி கொழுந்தனின் கேள்வி. பிடித்து வேறு காட்டில் விட்டால் என்ன?

தம்பி, இதற்கு ரெண்டு விலங்குக்கும் ரெண்டு பதில். காட்டுமாட்டைக் கொண்டு விட்டிருக்கிறார்கள், நன்றாகவே நடந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் பாந்தவ்கர் காட்டில் 1990-களின் கடைசியில் காட்டுமாடே இல்லாமல் போனது. 2011, 2012-ல் கன்ஹா காட்டிலிருந்து 50 மாடுகளை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே புல் இருந்தது, தண்ணீர் இருந்தது. கூட்டமாகப் போனது கூட்டமாகத் தங்கி, கன்று போட்டுப் பெருகியது. பசுவைப் போலவே ஒன்பது மாதச் சினைதானே.

ஆனை அப்படி இல்லை. இலங்கையில் தொந்தரவு செய்த 12 ஆண் ஆனைகளுக்குக் கழுத்தில் கருவி மாட்டி, தூரத்துக் காடுகளில் கொண்டு விட்டுக் கவனித்தார்கள். அந்த ஆய்வு 2012-ல் வெளியானது. சில ஆனை பழைய இடத்துக்கே திரும்பி நடந்தது. சிலது ஊர் ஊராக அலைந்தது. சிலது தங்கியது, ஆனால் தங்கிய இடத்தில் புதிய ஊர்க்காரர்களோடு பழைய தகராறு. ஆனையைத்தான் மாற்றலாம், அதன் வயிற்றையும் நினைப்பையும் மாற்ற முடியாது.

அரிக்கொம்பனை மறந்திருக்க மாட்டீர்கள். மூணாறு அருகே சின்னக்கானலில் ரேஷன் கடையையும் வீட்டையும் உடைத்து அரிசி தின்றதால் வந்த பெயர். யோசித்துப் பாருங்கள், நாள் முழுக்க நடந்து 150 கிலோ தழை தின்று, பாதியை வீணாக்கும் பிராணிக்கு ஒரு மூட்டை அரிசி என்பது என்ன? நமக்கு ஒரு வருஷச் சம்பளத்தை யாரோ திண்ணையில் வைத்துவிட்டுப் போன மாதிரி. அதை 2023 ஏப்ரல் 29-ல் மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியார் காட்டில் விட்டார்கள். ஒரே மாதத்தில் மலை இறங்கிக் கம்பம் ஊருக்குள்ளேயே வந்தது. ஜூன் 5-ல் மறுபடி பிடித்து, ஒரு நாள் முழுக்க லாரியில் நிற்க வைத்துக் கொண்டுவந்து, எங்கே விட்டார்கள்? நம் தலைக்கு மேலே, மேல் கோதையாற்றில். அன்றைக்கு நம் மாவட்டத்தில் பேச்சிப்பாறை, பத்துகாணி என்று மலையோரத்தார் எல்லாரும் ராத்திரி கதவைத் தாழ்போட்டு விழித்திருந்தது ஞாபகம் இருக்கிறதா? செப்டம்பரில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டப் பக்கம் ஒரு சுற்றுப் போய்விட்டு மறுபடி காட்டுக்குள் ஏறியது. அந்த மலையில் முத்துக்குழிவயல் போலப் புல்லும் ஓடையும் இருப்பதால் ஏதோ நமக்கு அதிகம் வினை வராமல் போனது. ஆக, "வேற காடு" என்று நீ சொல்வது எந்தக் காடு? தேனிக்காரர்களுக்கு அந்த வேற காடு நாம்தான்.

நீ அடுத்து அனுப்பிய குரல் பதிவை மற்றவர்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன், கோபப்படாதே. மோட்டார் அறையிலிருந்து ஒரு கம்பியை இழுத்து வரப்பைச் சுற்றிக் கட்டிவிடலாம் என்று யாரோ யோசனை சொன்னதாகச் சொன்னாய். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளிப் பக்கம் இப்படி இழுத்த கம்பியில் மூன்று பெண் ஆனைகள் செத்துக் கிடந்தன. ரெண்டு குட்டிகள் தாயைச் சுற்றியே நின்ற படத்தைப் பார்த்திருப்பாய். தோட்டக்காரர் கைதானார். ஆனைக்கு 20 முதல் 22 மாதம் சினை, ஒரு குட்டி, அடுத்ததற்கு நாலைந்து வருஷம். காட்டுமாட்டுக் கூட்டத்தில் ஒரு பசு போனால் சில வருஷத்தில் ஈடாகும். ஆனைக் கூட்டத்தில் கிழவி ஒன்று போனால், எந்தக் கோடையில் எந்த ஓடையில் தண்ணீர் இருக்கும் என்ற அறிவும் சேர்ந்து போகிறது. (ரெண்டு வீட்டிலும் ஆச்சி ராஜ்யம்தான், காட்டுமாட்டுக் கூட்டத்தையும் வயதான பசுதான் நடத்தும். ஆனாலும் ஆனை ஆச்சிக்கு அனுபவம் கூடுதல்.) அதைவிட, அந்தக் கம்பிக்கு ஆனை எது, அதிகாலையில் ரப்பர் வெட்டப் போகிற ஆள் எது என்று தெரியாது. உன் தோட்டத்து ஒற்றையடிப்பாதையில்தான் அவர்கள் நடக்கிறார்கள்.

சூரிய மின்வேலி வேறு. அது விட்டுவிட்டு அடிக்கும், சுருக்கென்று வலிக்கும், கொல்லாது. 2023-ல் அரசு இதற்கென்று விதி கொண்டுவந்திருக்கிறது, காட்டோரத்தில் போட்டால் பதிவு செய்ய வேண்டும். அலைச்சல்தான், செய். பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையில் மனு கொடுத்தால் இழப்பீடு உண்டு. நீ பட்ட நஷ்டத்துக்கு அது முழுசாக வராது என்பதும் எனக்குத் தெரியும். ஆனை தின்றதை ஊரெல்லாம் படம் பிடித்து ரசிக்கிறது, ஏத்தன் விதைத்தவன் வட்டி கட்டுகிறான். இதைப் பேசாமல் ஆனையின் பெருமையை மட்டும் பேசுகிறவர்களை எனக்கும் பிடிக்காது. நம் நாட்டில் ஆண்டுக்கு 500 பேர் அளவுக்கு ஆனையால் சாகிறார்கள். அதில் பெரும்பாலோர் உன்னைப் போலக் காட்டோரத்தில் பிழைப்பவர்கள்தான், படம் பிடிக்கிறவர்கள் இல்லை. ஒன்று மட்டும் செய்து பார். ஆனை ஏறி இறங்கும் தடத்தை ஒட்டி ஏத்தன் வைக்காதே, உள்பக்கமாக வை. வாழைத்தண்டு அதற்கு அரிசி மூட்டைக்கு அடுத்தபடி. தடத்தின் வாயிலேயே அதை வைத்தால் கூப்பிட்ட மாதிரிதான். நல்ல மிளகை அங்கே ஏற்று.

காட்டுமாட்டுக்கு வரும் ஆபத்து இப்படிக் கண்ணுக்குத் தெரிவதில்லை. அது நம் தொழுவத்திலிருந்து போகிறது.

என் வயதுக்காரர்களுக்கு வெக்கை நோய் என்ற பெயர் ஞாபகம் இருக்கும். மாட்டுக்கு வாயெல்லாம் புண், கழிச்சல், ஒரு வாரத்தில் தொழுவமே காலி. குளம்பு பிளந்த பிராணிகளைப் பிடிக்கும் நோய் அது. 1890-களில் ஆப்பிரிக்காவில் மாட்டையும் காட்டெருமையையும் வாரிக்கொண்டு போனது. 1968-ல் நம் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் காட்டுமாடு கூட்டம் கூட்டமாகச் செத்தது. அதே காட்டில் அதே புல்லை மேய்ந்த ஆனைக்கு ஒன்றும் ஆகவில்லை. உறவுமுறை அப்படி. நம் பசுவின் பெரியப்பா பிள்ளை என்றேனே, சொத்தில் பங்கு இல்லை, நோயில் பங்கு உண்டு. ஊர் ஊராகத் தடுப்பூசி போட்டுத்தான் அதை ஒழித்தார்கள். இந்தியாவில் கடைசியாக அது தலைகாட்டியது 1995-ல், அதுவும் நம் தமிழ்நாட்டில், வட ஆற்காட்டுப் பக்கம். 2011-ல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதன் முற்றாக ஒழித்த ரெண்டாவது நோய் அதுதான். இந்தப் பெருமையை நம் பாடப்புத்தகம் ரெண்டு வரியில் முடித்துவிட்டது என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

வெக்கை போனது, கோமாரி இருக்கிறது. மலையோரத்தில் மாட்டை அவிழ்த்துவிட்டால் அது காட்டுக்குள் போய் மேயும். அது குடித்த ஓடையில் காட்டுமாடு குடிக்கும். நம் மாட்டுக்கு மருத்துவர் உண்டு, வாய்ப்புண்ணுக்கு மருந்து தடவ ஆள் உண்டு. காட்டுமாட்டுக்கு யார்? அசை போட முடியாத மாடு என்ன ஆகும் என்பதை மேலே சொன்ன வயிற்றுப் பாடத்தோடு சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்று. உண்ணிச்செடி நம் காடுகளில் பரவிக்கொண்டே போகிறது. வெள்ளைக்காரன் அழகுக்காகக் கொண்டுவந்தது. ஆனையும் தொடாது, காட்டுமாடும் தொடாது. அது மூடிய இடத்தில் புல் வராது. புல் இல்லையென்றால் முதலில் பட்டினி கிடப்பது தீனியில் தேர்ந்தெடுத்துத் தின்னும் காட்டுமாடு. ஆனை அடுத்த மலைக்கு நடந்துவிடும், அல்லது கீழே உன் தோட்டத்துக்கு. கொடைக்கானல் தெருக்களில் காட்டுமாடு நிற்கும் படத்தை எல்லாரும் அனுப்புகிறீர்கள். அழகாகத்தான் இருக்கிறது. அது ஊர் பார்க்க வரவில்லை, நம் புல்வெளியையும் தோட்டத்தையும் தேடி வந்திருக்கிறது. தயவுசெய்து பக்கத்தில் போய் நின்று படம் எடுக்காதீர்கள். ஆயிரம் கிலோ. அதற்குப் பிடிக்கவில்லை என்றால் பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் போடும். அதற்கு அடுத்த எச்சரிக்கை கிடையாது.

தோவாளை, அழகியபாண்டியபுரம், கீரிப்பாறை, பொன்மனை, பேச்சிப்பாறைப் பக்கம் மாடு வளர்க்கும் என் மாணவர்களுக்கு: கோமாரித் தடுப்பூசி வருஷத்துக்கு ரெண்டு தடவை. காசு கிடையாது, மத்திய அரசுத் திட்டத்தில் 2019-லிருந்து போடுகிறார்கள். காதில் 12 இலக்க எண் உள்ள மஞ்சள் வில்லை மாட்டுவார்கள். "வில்லை மாட்டினா பால் கொறையும்" என்று போன மாதம் ஒருத்தன் என்னிடமே சொன்னான், எட்டாம் வகுப்பில் அறிவியலில் எண்பது மார்க் வாங்கினவன். பால் குறைவது ஊசி போட்ட ரெண்டு மூன்று நாள், கோமாரி வந்தால் அந்தக் கறவையே போச்சு. நாலு மாதம் தாண்டிய கன்றுக்கும் போட வேண்டும். உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் அடுத்த முகாம் எப்போது என்று கேட்டு, தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், மற்றவர்களுக்கு உதவும்.

தம்பி, ஞாயிற்றுக்கிழமை நானும் அண்ணனும் கீரிப்பாறை வருகிறோம். அந்தக் கம்பிச் சுருளை எடுத்துவை, அண்ணன் வண்டியில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார், மாடியில் துணி காயப்போட உதவும். ஆனைத்தடம் ஈரமாக இருந்தால் அழிக்காமல் வை. முன்கால் தடத்தின் சுற்றளவை நூல் பிடித்து அளந்து ரெண்டால் பெருக்கினால் ஆனையின் தோளுயரம் கிட்டத்தட்டச் சரியாக வரும். வந்தது கொம்பனா, பிடியா, எத்தனை உயரம் என்று தெரிந்தால் மனுவிலும் எழுதலாம்.